இருபத்தொன்பதாவது நாள்

பேனாவைக் கொஞ்சம் குடுங்க சார். ஒரே ஒரு நம்பர்தானுங்க, எழுதிப்போட்டுத் தந்தர்றேன். சிவப்பு மையா? பரவால்லீங்க, நம்பருக்கு என்ன கலரு.

ஐம்பத்தாறு புள்ளி ரெண்டு. அவ்வளவுதான். இந்தாங்க.

நீங்க பேப்பர் திருத்துங்க, நான் தொந்தரவு பண்ணல. எந்தப் பள்ளிக்கூடமுங்க? சித்தோடா? அப்ப எனக்கு அப்பறம்தான் இறங்குவீங்க. நான் காலேஜ் பிரிவுல இறங்கிக்குவேன். கவுந்தப்பாடி தாண்டி நாலாவது ஸ்டாப்பு.

கையைப் பாக்கறீங்க. பயந்துக்காதீங்க சார், அது சாயம். பிக்ரிக்னு ஒரு மருந்துங்க, தொட்டா மஞ்சளாப் புடிச்சுக்கும். சோப்புப் போட்டாலும் லேசுல போகாது. என்ற தொழிலே அதுதான், எலிக்குச் சாயம் பூசறது. சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே மாமனார் சிரிச்சாரு.

பார்மசி காலேஜ் இருக்குதுல்லீங்க, அதுல எலி வளக்கற கட்டடம். அனிமல் ஹவுஸுன்னு போர்டு போட்டிருப்பாங்க. இருபத்தாறு வருசமா நான் அங்கதான். பேரு ஆறுச்சாமி. எலி, முயல், ஒரு காலத்துல கினியா பன்னி. இப்ப நெறைய எலிதான். வெள்ளெலிங்க. எல்லாம் ஒரே அச்சா இருக்கும், வெள்ளை ரோமம், செவந்த கண்ணு. ஒரு கூண்டுல அஞ்சு போடுவோம். எது எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் சாயம். ஒண்ணுக்குத் தலையில வெப்போம், ஒண்ணுக்கு முதுகுல, ஒண்ணுக்கு வால்ல. ஒண்ணுக்குத் தலையும் வாலும். அஞ்சாவதுக்கு ஒண்ணுமில்ல, அது வெள்ளை. பேரு வெச்சுக் கூப்பிடறதெல்லாம் இல்லீங்க. தலை, முதுகு, வால், தலைவால், வெள்ளை. அப்படித்தான் இருபத்தாறு வருசமா கூப்பிட்டுட்டு இருக்கறேன்.

கடலையா? வேண்டாமுங்க. வயிறு மந்தமாவே இருக்குது, நாலஞ்சு நாளா. நீங்க சாப்பிடுங்க.

இந்த நம்பரா? இது என்ற எடைங்க. கோபி பஸ் ஸ்டாண்டுல லைட்டு சுத்தற மெசின் இருக்குதுல்ல, அதுல ஏறி நின்னா அட்டை வரும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ராசிபலன். ராசிபலன் எனக்கு வேண்டாமுங்க, எடை மட்டும் நோட்டுல ஏத்திக்கறேன். தினமும் ஒரே நேரத்துல, ஒரே மெசின்ல, வெறும் வயித்துல. அப்படித்தான் பாக்கோணும். எலிக்கும் அப்படித்தான். ஒரு மருந்து ஒத்துக்கலைன்னா எலி மொதல்ல எடையிலதான் சொல்லும். தீனி கொறையும், எடை எறங்கும், ரோமம் சிலுத்துக்கும். மத்ததெல்லாம் அப்பறம்.

மொத நாளு அறுபத்தொண்ணு புள்ளி எட்டு. இன்னைக்கு ஐம்பத்தாறு புள்ளி ரெண்டு. இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சமையல் நானே பண்ணிக்கறேன் சார். ஒரு நாள் உப்புப் போட மறந்தர்றேன், ஒரு நாள் ரெண்டு தடவை போட்டர்றேன். அதை யாரு திங்கறது.

சம்சாரம் தவறிப்போச்சுங்க. எழுபது நாளாச்சு. வசந்தாமணின்னு பேரு. இருக்கட்டும் சார், நீங்க என்ன பண்ணுவீங்க. எனக்கே ஒண்ணும் தோணலீங்க. அழுகை வரல. மகன் ஓசூர்ல இருந்து வந்து அவன் அழுதான், நான் பக்கத்துல உக்காந்து அவனுக்குத் தண்ணி குடுத்தேன். பச்சை மிளகாயைக் கடிச்சாக்கூட இப்ப உறைக்கறதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டக்டருங்களே, ஒரு காலேஜ் பிரிவு. ஆமாங்க, ஒண்ணுதான்.

இன்னைக்கு ஒரு கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கறாங்க. அதுக்குத்தான் போறேன். சொல்றேன் கேளுங்க, நேரம் இருக்குது.

அஞ்சு வருசத்துக்கு முன்னால ஹேமப்பிரியான்னு ஒரு அம்மிணி ஆராய்ச்சிக்கு வந்துது. பி.எச்.டி. நல்ல புள்ள. மலையில இருந்து ஒரு கொடி கொண்டாந்து, அதைக் காயவெச்சு, இடிச்சு, சாராயத்துல ஊறப்போட்டு, வடிச்சு, இன்னும் என்னென்னவோ பண்ணி, கடைசியில ஒரு பொடி எடுத்துது. கொடி பேரு கேக்காதீங்க. பேட்டண்ட் வாங்கற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மிணி சத்தியமே வாங்கிருச்சு. நாங்க கொடிப்பொடின்னு சொல்லுவோம். சக்கரைக்கு மருந்துங்க. சக்கரை வர வெச்ச எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க, சடார்னு எறங்குது. ஆனா எறங்கினாப் போதுமா? அந்தப் பொடியே ஆளைக் கொல்லக்கூடாதில்ல. அதுக்குத் தனியா ஒரு டெஸ்ட்டு. இருபத்தெட்டு நாள். நாலு குரூப்பு, குரூப்புக்குப் பத்து எலி. ஒரு குரூப்புக்குப் பச்சைத்தண்ணி. ஒண்ணுக்குக் கொஞ்சமா மருந்து, ஒண்ணுக்கு நடுத்தரம், ஒண்ணுக்கு நெம்ப அதிகம். இருபத்தெட்டு நாள் தினம் குடுத்து, இருபத்தொம்பதாவது நாள் எல்லாத்தையும் முடிச்சு, அறுத்து, ஈரல் என்னாச்சு, கிட்னி என்னாச்சுன்னு பாக்கறது. முடிக்கறதுன்னுதான் சொல்லுவோம். வேற வார்த்தை சொல்றதில்ல.

மருந்து குடுக்கறது லேசு இல்லீங்க. எலி தானா குடிக்காது. வளைஞ்ச குழாய் ஒண்ணு இருக்கும், நுனியில சின்ன மணியாட்டம் உருண்டை. எலியைத் தோளோட சேத்துப் புடிச்சு, தலையைத் தூக்கி, வாயோரமா விட்டு அப்படியே வயித்துக்கு எறக்கோணும். கொஞ்சம் தப்புனா மூச்சுக்குழாயில போயிரும். மருந்து நுரையீரல்ல எறங்கிரும். எலி அன்னைக்கோ மறுநாளோ செத்துரும். புதுசா வர்ற பசங்க கையில அப்படிப் போறது சகஜம். என்ற கையில போனதில்ல. இருபத்தாறு வருசத்துல எத்தனை ஆயிரம் தடவை குடுத்திருப்பேன், ஒண்ணு போனதில்ல. டிபார்ட்மெண்ட்டுக்கே தலைவர் பெரிய மேடம், அவங்களே சொல்லுவாங்க, ஆறுச்சாமி கை தப்பாதுன்னு. வெளியூர் ஆளுங்க பாக்க வந்தா என்னையத்தான் கூப்பிட்டுக் குடுக்கச் சொல்லுவாங்க.

அந்த ரெண்டு தடவை தவிர.

ஹேமா அம்மிணிக்குக் கை நடுங்குங்க. எலி கத்துச்சுன்னா அதுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். ஆராய்ச்சி பண்றவங்களேதான் குடுக்கோணும், ரூல் அது. ஆனா மூணாவது நாளே அம்மிணி, "ஆறுச்சாமி அண்ணா, நீங்களே குடுத்துருங்கண்ணா, நான் பக்கத்துல நின்னு எழுதிக்கறேன்" அப்படின்னுச்சு. நானும் சரின்னேன். ரிஜிஸ்டர்ல அது கையெழுத்து, எலி வாயில என்ற கை. இதுல யாருக்கு என்ன நட்டம் சொல்லுங்க.

பத்தொம்பதாவது நாள் காலையில ஆறரைக்குப் போறேன். தீனி போடோணும், தண்ணி பாட்டில் மாத்தோணும். சிவப்புச் சீட்டுக் கூண்டு, அதிக மருந்துக் குரூப்பு. மூலையில தலை செத்துக் கெடக்குது.

எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாத்தேன். வெறைச்சுப் போயிருந்துது. காது ரெண்டும் மஞ்சளா இருந்துது. தலையில பூசின சாயந்தானே, வழிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அப்பறம் நேத்து மருந்து குடுத்ததை யோசிச்சேன். ஒரு நிமிசம் அது திமிறுச்சு, நான் குழாயை வெளிய எடுத்து மறுபடி விட்டேன். அப்பத்தான் தப்பியிருக்கும். வேற என்ன?

அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும் சார். நெஞ்சைத் தொறந்தா நுரையீரல்ல மருந்து நிக்கும். நின்னா குழாய், நிக்கலைன்னா வேற. ரெண்டு நிமிச வேலை. கத்திரிக்கோல் பக்கத்துலயே இருந்துது. நான் அறுக்கலீங்க.

ஏன்னு கேட்டா என்ன சொல்றது. அம்மிணி ஒம்பது மணிக்கு வந்துரும். பாத்தா அழும். பெரிய மேடம் கேப்பாங்க, யாரு குடுத்ததுன்னு. அம்மிணிக்குப் பொய் சொல்ல வராது. அதுக்கு ஆவணியில கல்யாணம் வேற வெச்சிருந்தாங்க. கல்யாணத்துக்குள்ள டெஸ்ட்டு முடியோணும்னு நாளை எண்ணிட்டு இருந்துது. முதல்ல இருந்து பண்ணுன்னு சொல்லிட்டா மூணு மாசம் போச்சு. எல்லாம் என்ற கையால.

அதனால என்ன பண்ணேன், பின்னால ஸ்டாக் ரூம்ல இருந்து அதே எடையில ஒண்ணைப் புடிச்சேன். ரெண்டு கிராம்தான் வித்தியாசம். பஞ்சுல பிக்ரிக் தொட்டுத் தலையில ஒரு பொட்டு. ஊதிக் காயவெச்சு கூண்டுக்குள்ள விட்டேன். மத்த நாலும் ஒரு தடவை மோந்து பாத்துட்டு அதுங்க பாட்டுக்குத் தீனிக்குப் போயிருச்சுங்க. செத்ததைக் கொண்டுபோய் எரிக்கற பொட்டியில போட்டுட்டு வந்து கூண்டைக் கழுவிட்டேன். அம்மிணி ஒம்பது மணிக்கு வந்து எடை போட்டுது. "தலை ரெண்டு கிராம் ஏறியிருக்குண்ணா"ன்னு சிரிச்சுட்டே எழுதுச்சு.

இருபத்திரண்டாவது நாள், அதே குரூப்புல அடுத்த கூண்டு. வால். அதுவும் அப்படியே. அதுக்குங்கூட காது மஞ்சளாத்தான் இருந்துது. வால்ல பூசினது காதுக்கு எப்படி வரும்னு ஒரு நிமிசம் நின்னேன். எலி தன்னையே நக்கிக்கும் சார், சாயம் எங்க வேணாப் போகும். அப்படித்தான் இருக்கும். அதையும் மாத்திட்டேன். ரெண்டுதான். மத்த எட்டுக்கும் ஒண்ணும் ஆகல.

இருபத்தொம்பதாவது நாள் எல்லாத்தையும் முடிச்சோம். அதிக மருந்துக் குரூப்புல ரெண்டு மூணுக்கு ஈரல் கொஞ்சம் வெளுப்பா இருந்துது. புதுசா வந்த தலைக்கும் வாலுக்கும் ஈரல் நல்லாப் பளபளன்னு இருந்துது, இருக்காதா பின்ன. பத்தையும் கூட்டிச் சராசரி போட்டா பெரிய வித்தியாசம் வரல. சாவு ஒண்ணுமில்லைன்னு எழுதினாங்க. மருந்து பாதுகாப்பானதுன்னு எழுதினாங்க. அம்மிணிக்கு டாக்டர் பட்டம் கெடச்சுது. புஸ்தகத்துல முன்னால நன்றின்னு போட்டு என்ற பேரையும் போட்டிருந்துது. வசந்தாமணி அதைச் சாமி படத்துக்குக் கீழ வெச்சிருந்தா. இங்கிலீசு அவளுக்குத் தெரியாது, எனக்கும் என்ற பேரு மட்டுந்தான் படிக்கத் தெரியும்.

அரிக்குதுங்க. இந்த பஸ் சீட்டுல மூட்டைப்பூச்சி இருக்குமாட்ட இருக்குது. உங்களுக்கு அரிக்கலையா?

அவளுக்குச் சக்கரைங்க. எட்டு வருசமா. மாத்திரை போட்டா வயித்தால போகும், போடலைன்னா முந்நூறுக்கு நிக்கும். கால்ல ஒரு புண்ணு, ஆறாம அப்படியே இருந்துது. செருப்புப் போடாம கொல்லைக்குப் போகாதேன்னா கேக்க மாட்டா. காலேஜ் ஃபிரிட்ஜுல கொடிப்பொடி அரை பாட்டில் மிச்சம் இருந்துது. டெஸ்ட்டு முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு, யாரும் தொடல. நான் எடுத்துட்டு வந்தேன். திருட்டுன்னு சொல்லாதீங்க, தூக்கிப் போடறதுதான் அது.

எலி எடைக்கு எவ்வளவு, மனுசர் எடைக்கு எவ்வளவு, அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருசம் பாத்துட்டு இருக்கறேன். நடுக் குரூப்பு அளவுதான் போட்டேன். அதிகத்துக்குப் போகல. வெள்ளிக்கிழமை காலையில சுடுதண்ணியில கலக்கிக் குடுத்தேன். வாங்கி வெச்சுட்டு என்னையப் பாத்தா.

"ஏனுங்க, எலிக்குக் குடுத்ததை எனக்குக் குடுக்கறீங்களா?"

"எலிக்கு ஒண்ணும் ஆகல."

"ஒண்ணுகூடச் சாகலையா?"

"ஒண்ணுகூடச் சாகல. புஸ்தகத்துலயே போட்டிருக்குது."

குடிச்சுட்டா. எனக்கு நம்பிக்கை இருந்துது சார், அதை மட்டும் சொல்லிக்கறேன். பொய் சொல்லோணும்னு சொல்லல. அந்த ரெண்டும் குழாயில போனதுதானே. அது மருந்துக் கணக்குல வராது.

ரெண்டே வாரத்துல சக்கரை நூத்தம்பதுக்கு வந்துருச்சு. கால் புண்ணு காஞ்சுது. தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா, எங்கூட்டுக்காரர் கண்டுபுடிச்ச மருந்துன்னு. நான் கண்டுபுடிக்கலேன்னாக் கேக்க மாட்டா. ஒரு நாள் அரை மாம்பழம் தின்னா. எட்டு வருசம் கழிச்சுங்க. கொட்டையைச் சப்பிட்டு, கை கழுவாம நெம்ப நேரம் உக்காந்திருந்தா.

அஞ்சாவது வாரம் வயிறு மந்தமா இருக்குதுன்னா. அப்பறம் சோறு வேண்டாம்னா. அப்பறம் உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரியானா சீப்பை வெச்சு முதுகைச் சொறிஞ்சு விடச் சொல்லுவா. ஒரு நாள் காலையில கண்ணாடி முன்னால நின்னு தலை சீவிட்டு இருந்தவ, திரும்பி என்னையக் கூப்பிட்டா. கண்ணு ரெண்டும் மஞ்சள். "உங்க சாயத்தை எனக்கும் பூசிட்டீங்களா"ன்னு கேட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். காமாலைன்னு ஊர்ல எல்லாருஞ் சொன்னாங்க. கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தோம். பொடியையும் நிறுத்தல. சக்கரை ஏறிருமேன்னு.

பெரியாஸ்பத்திரியில சேத்தப்ப அவளுக்கு நெனவு வந்து வந்து போச்சு. சின்ன டாக்டர், பொம்பளைப் புள்ள, அவ கையைப் புடிச்சுட்டே என்னையக் கேட்டுது. நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா, லேகியம், பொடி, எதுனாலும் சொல்லுங்க, சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும், திட்ட மாட்டேன். அப்படிக் கேட்டுது. நான் கீழாநெல்லி மட்டுந்தானுங்கன்னேன். அந்தப் புள்ளைக்கு நம்பிக்கை வரல. அவளைக் கேட்டுது. அம்மா, நீங்க சொல்லுங்க, வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?

அவ என்னைய ஒரு தடவை பாத்தா. அப்பறம் டாக்டரைப் பாத்து இல்லைன்னு தலையாட்டினா.

சேத்த பதினோராவது நாள் போயிட்டா.

நான் ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க. கேக்கலையா? கேட்ட மாதிரி இருந்துது. பாட்டிலு காலேஜ்து. சொன்னா அம்மிணி பேரு வரும், பெரிய மேடம் பேரு வரும். அதுவுமில்லாம அந்தப் பொடியால ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதாலதான் ஆச்சுன்னாத்தானே சொல்லோணும்.

இன்னும் கவுந்தப்பாடி வரல இல்லீங்க? வந்துருச்சா.

அவ போய் நாப்பது நாள் இருக்கும், ஹேமா அம்மிணி போன் பண்ணுச்சு. இப்ப பெங்களூர்ல இருக்குது, ஒரு குழந்தை. துக்கம் விசாரிச்சுது. அப்பறம் தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. ஒரு கம்பெனி கொடிப்பொடியை வாங்கிக்குதாம். அடுத்தது மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கப் போறாங்களாம். மொதல்ல நல்லா இருக்கற ஆளுகளுக்கு, இருபது பேருக்கு. அதுக்கு முன்னால பழைய எலி டெஸ்ட்டுப் பேப்பரையெல்லாம் சரிபாக்கறாங்க. எலியைப் பாத்துக்கிட்டவங்க, செத்தது எதுவும் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடோணுமாம். "நீங்க எப்ப வருவீங்களோ அன்னைக்கு நானும் வர்றேண்ணா. உங்க கைதாண்ணா எனக்கு இந்தப் பட்டமே குடுத்துது" அப்படின்னுச்சு.

இன்னும் இருபத்தொம்பது நாள் கழிச்சு வர்றேன்னு சொன்னேன். அதுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எலிக் கணக்காண்ணான்னு கேட்டுது.

எலிக் கணக்குத்தான். போனை வெச்சுட்டு பாட்டிலை எடுத்துப் பாத்தேன், வசந்தாமணி சாப்பிட்டது போக மிச்சம் இருந்துது. அன்னைக்கே ஆரம்பிச்சேன். அதிகக் குரூப்பு அளவு. தினம் காலையில சுடுதண்ணியில. நேத்தோட இருபத்தெட்டு முடிஞ்சுது, பாட்டிலும் காலி. இந்த நோட்டுல எல்லாம் இருக்குது. எடை, தீனி, தூக்கம். ஒரு நாள் விடல. இது ஒண்ணும் கஷ்டமான டெஸ்ட்டு இல்லீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அந்த ரெண்டு எலியும் குழாயிலதான் போச்சு. வசந்தாமணி காமாலையிலதான் போனா. நிம்மதியாக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவேன். எனக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா வேற.

பேப்பரை மூடி வெச்சுட்டீங்க. திருத்துங்க சார், நான் பேசறது பேசிட்டு இருக்கறேன்.

இன்னைக்கு ஒரு வேலை பாக்கி. அறுத்துப் பாக்கறதுதான் இருபத்தொம்பதாவது நாள் வேலை. என்னைய அறுக்க முடியாதில்ல. கண்ணைப் பாத்தாப் போதும். நானே கண்ணாடியில பாத்துக்கலாம்தான். ஆனா அவ தலை சீவின கண்ணாடியை அன்னைக்கே செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டிட்டேன், இன்னும் திருப்பல. அதுவுமில்லாம, மருந்து குடுத்தவன் முடிவு பாக்கக்கூடாது சார். எங்க ரூல் அது. ஈரலைக் கண்ணாடித்துண்டுல வெச்சுப் பாக்கறவருகிட்ட இது எந்தக் குரூப்புன்னு சொல்ல மாட்டோம். வெறும் நம்பர்தான் குடுப்போம். சம்பந்தமில்லாத ஆளு, பாத்ததைப் பாத்தபடி எழுதோணும். அதுக்குத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். ஏறினதும் பாத்தேன், சிவப்புப் பேனா வெச்சிருந்தீங்க. உங்ககிட்ட முதல்லயே காட்டியிருக்கோணும். எல்லாத்தையும் சொல்லிப்போட்டு அப்பறம் காட்டறேன். அதுதான் தப்பாப் போச்சு. பேசி எழுபது நாளாச்சு, வாயை அடக்க முடியல.

வெளிச்சத்துப் பக்கம் திரும்பிக்கறேன். இமையைக் கீழ இழுத்துப் புடிச்சுக்கறேன். நல்லாப் பாருங்க.

ரெண்டு கண்ணும்.

சொல்லுங்க சார்.

நீங்க பையனுக தப்பாப் போட்டா தப்புன்னு சுழிக்கறவருதானே. எனக்கும் அப்படியே சொல்லுங்க. வாயால சொல்ல முடியலைன்னா தலையை ஆட்டுங்க, போதும்.

சரிங்க.

இல்லீங்க, சாயம் இல்லை. அவளை ஆஸ்பத்திரியில சேத்ததுல இருந்து நான் வேலைக்குப் போகல, பிக்ரிக் தொட்டு எழுபது நாளுக்கு மேலாச்சு. அது மூணு வாரத்துக்கு மேல நிக்காது. கையைப் பத்தி உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். எனக்கும் சேத்துத்தான் சொல்லிக்கிட்டேன். கண்ணுல யாரு சாயம் பூசுவா.

ஆஸ்பத்திரிக்குப் போலாம் சார், போகாம என்ன. மொதல்ல காலேஜு. அம்மிணி பெங்களூர்ல இருந்து வந்து உக்காந்திருக்கும். இருபது பேரு சார், அவங்களுக்கும் வீட்டுல ஆளு இருக்கும். கையெழுத்துப் போடல. இந்த நோட்டைத்தான் குடுக்கப்போறேன். பேனாவை இன்னொரு தடவை குடுக்கறீங்களா? கடைசி வரி எழுதோணும். இல்லீங்க, நீங்களே எழுதுங்க. பாத்தவர் நீங்கதானே. தேதி போட்டு, கண்ணு மஞ்சள், அவ்வளவு எழுதினாப் போதும். கீழ உங்க பேரு.

நன்றிங்க. இறங்கோணும், வழி விடுங்க.

இருபத்தாறு வருசம் சார். அந்த ரெண்டு எலியை நெனச்சு நெனச்சு என்ற கையையே நான் திட்டிட்டு இருந்தேன். குழாய் சரியாத்தான் போயிருக்குது. என்ற கை தப்பல.